பாலத்தில் பாதி மூடல்: சைக்கிளுக்கு வழியை எழுதிக் கேளுங்கள்

"பாலம் பராமரிப்புப் பணி நடைபெறுவதால் கனரக வாகனங்கள் மாற்றுப்பாதையில் செல்லவும்." எந்தப் பாலத்தில் வேலை நடந்தாலும் ஏறக்குறைய இதே வாசகத்தோடு ஒரு பலகை நிற்கிறது. லாரிக்கு வழி சொல்வார்கள், பேருந்துக்குச் சொல்வார்கள், காருக்கும் பைக்குக்கும்கூடச் சில ஊர்களில் சொல்வார்கள். சைக்கிளில் வருகிறவர் பாலத்தில் ஏறலாமா, இறங்கித் தள்ள வேண்டுமா, பல கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டுமா என்று மட்டும் எழுதுவதில்லை. அங்கே நிற்பவரைக் கேட்டால் "ஓரமாப் போப்பா" என்ற பதில்தான் கிடைக்கும். அந்த ஓரத்தில்தான் ஜல்லியைக் கொட்டி வைத்திருப்பார்கள். வெட்டிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்.

தேனி மாவட்டத்தின் ஓடைப்பட்டி பக்கம் சைக்கிள் இன்னும் பிழைப்புக்கான வண்டி. விடியும் முன் திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வேலைக்கும் மருந்தடிக்கவும் போகிறவர்கள், பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் என்று காலையில் சாலையைப் பார்த்தாலே தெரியும். சின்னமனூருக்கு அப்பால் மேற்கே போனால் முல்லைப் பெரியாற்றைத் தாண்ட வேண்டும். தேனிக்குப் போனால் பழனிசெட்டிபட்டியை ஒட்டி அதே ஆறு குறுக்கே வரும். பேருந்துக்கு ஒரு பாலத்தை மூடினால் அது கால் மணி நேரத் தாமதம். சைக்கிள்காரருக்கு அன்றைய கூலி போய்விடும், பிள்ளைக்குப் பள்ளி போய்விடும்.

இப்படிப்பட்ட இடங்களில் அடிபட்டவர்கள் செய்கிற தவறுகள் ஊருக்கு ஊர் ஒன்றுபோலவே இருக்கின்றன. வேலை நடக்கும் இடத்தில் விழுந்தவர் அரசு மருத்துவமனையில், "சைக்கிள்ல இருந்து தானா விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி மருந்துச் செலவுக்கு இரண்டாயிரம் ரூபாயைக் கையில் திணித்தால் வாங்கிக்கொண்டு, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார். மூன்று மாதம் கழித்துக் கால் எலும்பு கூடவில்லை என்று தெரிந்து வழக்கறிஞரிடம் போகும்போது கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை.

திருச்சியில் நடந்ததைப் பாருங்கள். சிந்தாமணியையும் ஸ்ரீரங்கம் மாம்பழச் சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. பாலத்தின் இணைப்புகளும், தூண்களுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் தாங்கிகளும் பழுதானதால் 2022 செப்டம்பரில் பராமரிப்பு வேலையைத் தொடங்கினார்கள். முதலில் கார், பேருந்து, லாரிகளை நிறுத்திவிட்டு இரு சக்கர வாகனங்களை மட்டும் விட்டார்கள். நவம்பரில் அவற்றையும் நிறுத்தினார்கள். 2023 மார்ச்சில்தான் பாலம் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட மாதங்களில் மாற்றுவழி என்று காட்டப்பட்டது ஓயாமரி பக்கமாகச் சுற்றி, சென்னை புறவழிச் சாலையின் பாலத்தைப் பிடிக்கும் வழி. இன்ஜின் உள்ள வண்டிக்கு அது சற்றுக் கூடுதல் பெட்ரோல். கால் வலிமையில் ஓடும் வண்டிக்கு அது லாரிகளும் ஆம்னி பேருந்துகளும் பறக்கிற நெடுஞ்சாலையின் விளிம்பு.

தளத்தை ஜாக்கி வைத்துத் தூக்கித் தாங்கிகளை மாற்றும்போது பாலத்தில் எதையும் விட முடியாது என்பது நியாயம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. பழுதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜூலை 9 அன்று குஜராத்தின் வடோதரா மாவட்டத்தில் மகிசாகர் ஆற்றின் மேல் இடிந்து விழுந்த கம்பீரா பாலம் இருக்கிறது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலத்தை மூடட்டும், பழுது பார்க்கட்டும். மூடுகிறபோது சைக்கிளையும் கணக்கில் வைத்து மூடவேண்டும் என்பதுதான் கோரிக்கை.

லண்டனின் ஹேமர்ஸ்மித் பாலத்தில் விரிசல் கண்டு 2019 ஏப்ரலில் மோட்டார் வண்டிகளை நிறுத்தினார்கள். நடப்பவர்களும் சைக்கிளும் தொடர்ந்து போனார்கள். 2020 ஆகஸ்டில் விரிசல் பெரிதானபோது அவர்களையும் நிறுத்தினார்கள். 2021 ஜூலையில் அவர்களுக்கு மட்டும் திறந்தார்கள். பிறகு வேலை நடந்த ஒரு கட்டத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிச் செல்லுங்கள் என்று அறிவித்தார்கள். அங்கும் மக்களுக்குக் கோபம் இருந்தது, தாமதம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் சைக்கிளுக்கு என்ன விதி என்பது எழுத்தில் இருந்தது. நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

சாலையிலோ பாலத்திலோ வண்டிகளைத் தடுக்கும் அதிகாரம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவில் இருக்கிறது. பொதுப் பாதுகாப்பைக் கருதியோ பாலத்தின் தன்மையைக் கருதியோ தடை போடலாம். தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதாக இருந்தால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் அரசிதழ் தேவையில்லை, ஆனால் உள்ளூரில் விளம்பரப்படுத்த வேண்டும். எப்படியானாலும் உரிய இடங்களில் அறிவிப்புப் பலகை வைத்தாக வேண்டும். கவனிக்க வேண்டியது, இந்தப் பிரிவு பேசுவது மோட்டார் வாகனங்களைப் பற்றி. சைக்கிள் மோட்டார் வாகனம் கிடையாது. "115இன்படி தடை" என்று ஒருவர் சொன்னால், அந்த ஆணையில் சைக்கிள் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேறு சட்டங்களின் கீழ் சைக்கிளையும் நிறுத்த முடியும். ஆபத்து இருந்தால் நிறுத்தத்தான் வேண்டும். அதையும் எழுதி, காரணம் சொல்லி, மாற்றுவழி காட்டி நிறுத்த வேண்டும்.

2019இல் திருத்தப்பட்ட அதே சட்டத்தின் 138(1ஏ) பிரிவு, மோட்டார் இல்லாத வண்டிகளும் நடப்பவர்களும் பொதுச் சாலையைப் பயன்படுத்துவது குறித்து மாநில அரசு விதிகள் வகுக்கலாம் என்கிறது. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில், இந்த விதிகளை 6 மாதத்துக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டத் திருத்தம் வந்து ஆறு ஆண்டு கழித்து நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதே நிர்வாகத்துக்குச் சைக்கிள்காரர் மேல் இருக்கும் அக்கறையின் அளவு.

பணி நடக்கும் இடத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கும் எழுதப்பட்ட வழிகாட்டி உண்டு. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட 'எஸ்.பி. 55' என்ற ஆவணம் சாலைப் பணியிடப் போக்குவரத்துக்கானது. எங்கே முன்னறிவிப்புப் பலகை, எங்கே தடுப்பு, எங்கே விளக்கு, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் எப்படிப் பாதுகாப்பு என்பதெல்லாம் அதில் வருகின்றன. இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மனுவில் "எஸ்.பி. 55இன்படி" என்று எழுதினால் அந்த மனுவைப் படிக்கும் பொறியாளர் நிமிர்ந்து உட்கார்வார்.

வேலை தொடங்கும் முன்: யாரிடம், எப்படி

முதலில் பாலம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். தவறான அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருப்பவர்களே அதிகம். சாலையோர மைல்கல்லின் தலையில் உள்ள நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. மாநில, மாவட்டச் சாலைப் பாலங்கள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. மாவட்டத்தில் அதற்குக் கோட்டப் பொறியாளர். ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். பேரூராட்சித் தெரு, ஓடைக்கு மேல் உள்ள சின்னப் பாலம் என்றால் பேரூராட்சிச் செயல் அலுவலர். தேசிய நெடுஞ்சாலையில் அவசரம் என்றால் 1033 என்ற எண் இருக்கிறது. நிறம் அழிந்துபோயிருந்தால் செயல் அலுவலரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மனு ஒரு பக்கம் போதும். பெறுநர் இடத்தில் "கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை, கட்டுமானம் மற்றும் பராமரிப்பு, தேனி" என்று எழுதுங்கள். பாலத்தின் பெயர், சாலை, கிலோமீட்டர் கல் எண், பக்கத்து ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். "ஆற்றுப் பாலம்" என்று மட்டும் எழுதினால் எந்தப் பாலம் என்று கேட்டு ஒரு மாதம் கழித்துக் கடிதம் வரும். காலையும் மாலையும் எந்தெந்த ஊர்க்காரர்கள், எந்தப் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் கடக்கிறார்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். பிறகு கோரிக்கைகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும்.

மூடல் ஆணையில் சைக்கிளுக்கு அனுமதியா, தள்ளிச் செல்லவா, தடையா என்று தெளிவாக எழுதுங்கள் என்பது முதல் கோரிக்கை. பாதிப் பாலம் திறந்திருக்கும் காலத்தில், ஓர் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் அகலத்துக்கு, தடுப்பு வைத்துப் பிரித்த தனி வழி வேண்டும் என்பது அடுத்தது. இரவில் அந்த வழிக்கு விளக்கு கேளுங்கள். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் டிப்பரும் மிக்சர் வண்டியும் பாலத்தில் ஏறாமல் இருக்கவும், கொடி பிடித்து வழிகாட்டும் ஆள் நிற்கவும் கேளுங்கள். பாலம் முழுவதும் மூடப்படும் நாட்களில் மாணவர்களைக் கடத்திவிட மாற்று ஏற்பாடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கடைசியாக, ஒப்பந்தக்காரர் பெயரும் பணி முடியும் தேதியும் அழைக்க வேண்டிய எண்ணும் பாலத்தின் இரு முனையிலும் பலகையில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

இதற்கு நகல் மூன்று பேருக்குப் போக வேண்டும்: மாவட்ட ஆட்சியர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், உத்தமபாளையம் வருவாய்க் கோட்டாட்சியர். தபாலில் அனுப்பினால் ஒப்புகையுடன் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் பதிவு செய்து எண் வாங்கலாம். கவுன்சிலரிடம் வாயால் சொன்னேன், பொறியாளரிடம் போனில் சொன்னேன் என்பதெல்லாம் நாளை ஓர் உயிர் போனால் எந்த இடத்திலும் சாட்சியாகாது. எழுதிக் கொடுங்கள். எண் வாங்குங்கள்.

பள்ளித் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் தங்கள் பெயரில் தனியாக ஒரு மனு கொடுத்தால் அதற்கு எடை அதிகம். பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்த அரசே அந்தச் சைக்கிள் போக வழியும் தரவேண்டும் என்று கேட்பதில் தலைமையாசிரியருக்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

கோட்டாட்சியர் கையில் இருக்கும் அதிகாரம்

மனு கொடுத்தும் பாலத்தின் ஓரம் பள்ளம் திறந்தே கிடக்கிறது, தடுப்பு இல்லை, இரவில் விளக்கு இல்லை என்றால் பலரும் சலித்து ஓய்ந்துவிடுகிறார்கள். சாலை மறியல் செய்கிறவர்களும் உண்டு; அதில் வழக்கு வாங்குவது மறியல் செய்தவர்தான். அதைவிடப் பயனுள்ள வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 152ஆம் பிரிவு பழைய சட்டத்தில் 133ஆக இருந்தது. பொது வழியில் உள்ள இடையூறை அகற்றவும், பொது வழியை ஒட்டிய பள்ளத்துக்கு வேலி போடவும், இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டுமானத்தைச் சரிசெய்யவும் நிர்வாக நடுவர் நிபந்தனை உத்தரவு போடலாம். நம் பகுதிக்கு அந்த நடுவர் உத்தமபாளையம் கோட்டாட்சியரே. வழக்கறிஞர் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். மனுவில் "152ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை கோருதல்" என்று தலைப்பு போடுங்கள். பள்ளத்தின் புகைப்படத்தைத் தேதியோடு இணையுங்கள். பக்கத்துக் கடைக்காரர், தினமும் அந்த வழியில் போகிறவர் என இரண்டு மூன்று பேரின் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் சேருங்கள். முன்பு கொடுத்த மனுவின் நகலை, முத்திரையோடு, பின்னால் வையுங்கள்.

அரசுத் துறைக்கு எதிராக இதைப் பயன்படுத்த முடியுமா என்று சிலர் கேட்பார்கள். 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு, பணம் இல்லை என்று காரணம் சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு இதே 133ஆம் பிரிவில் தொடங்கியதுதான்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கோட்டப் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி எழுதினால் போதும். பணி ஆணை, ஒப்பந்தக் காலம், பாலத்தை மூடிய ஆணை, போக்குவரத்து மேலாண்மைத் திட்டம், பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு ஒப்பந்தத்தில் ஒதுக்கிய தொகை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். "ஏன் விளக்கு வைக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குத் தகவல் இல்லை என்று பதில் வரும். ஆவணத்தைக் கேட்டால் ஆவணம் வந்தாக வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பணியை நேரில் பார்வையிடும் உரிமையையும் இந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு தருகிறது. அதையும் மனுவிலேயே கேட்டு வையுங்கள்.

பாலத்தைக் கடக்கும்போது

பாலத் தளத்தின் இணைப்புகளைத் திறந்து வேலை செய்யும்போது குறுக்கே இடைவெளி இருக்கும். சைக்கிள் டயர் அதில் இறங்கினால் ஆள் முன்பக்கமாகத் தூக்கி எறியப்படுவார். இடைவெளியை மூடப் போட்டிருக்கும் இரும்புத் தகடு மழையில் வழுக்கும். பாதி மூடிய பாலத்தில் இறங்கித் தள்ளுங்கள். இரண்டு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். கேரியரில் தம்பியையோ தங்கையையோ உட்கார வைத்து ஓட்டாதீர்கள். ஒரு வழியாக விடும்போது எதிர்ப்பக்கமாகப் புகுந்து போகாதீர்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இல்லாத சைக்கிளை விடியலிலும் அந்தியிலும் எடுக்காதீர்கள். சைக்கிள் கடையில் மலிவாகக் கிடைக்கும். விபத்து நடந்தபின் இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது வெளிச்சம் இருந்ததா, சரியான பக்கம் வந்தாரா என்பதுதான். உங்கள் கவனக்குறைவு எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு இழப்பீட்டைக் குறைப்பார்கள்.

முழுதாக மூடிய பாலத்தில் இரவில் தடுப்பை நகர்த்திவிட்டுப் போகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நகர்த்தியவர் போய்விடுவார்; பின்னால் இருட்டில் வருகிற பிள்ளை விழும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதே மாதிரி, ஆற்றில் குழாய் பதித்து மண் போட்ட தற்காலிக வழியை மழை நாளில் நம்பாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல்போக நெல்லுக்காக வழக்கமாக ஜூனில் தேக்கடியிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். மேகமலையில் மழை பெய்தால் நம் பக்கத்து ஓடைகளிலும் சொல்லாமல் வெள்ளம் வரும். மண் வழியில் தண்ணீர் ஏறியிருந்தால் திரும்பிவிடுங்கள்.

அடிபட்டால்: முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

108ஐக் கூப்பிடுங்கள். உதவி செய்தவரைப் பெயர் சொல்லச் சொல்லியோ சாட்சியாக வரச் சொல்லியோ கட்டாயப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் பாதுகாப்பு இடம் தராது. எனவே தயங்காமல் தூக்குங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும். முன்பணம் கேட்டால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதைத்தான் பேச்சு வழக்கில் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்: இன்ன பாலத்தில், இன்ன நேரத்தில், வேலை நடந்த இடத்தில், திறந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்தேன், அல்லது இன்ன வண்டி இடித்தது. "தானாக விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். அடிபட்டவர் பேச முடியாத நிலையில் இருந்தால் கூட வந்தவர் சொல்ல வேண்டும். பயத்தில் அவரும் அதையே சொல்லிவிடுகிறார். அந்த இரண்டு சொல் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம். சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ முதலுதவி செய்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் இரண்டு இடத்திலும் ஒரே விவரத்தைச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீது மட்டும் போதாது. முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும். பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு அதற்கு வழி செய்கிறது. அதற்கும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். இடித்தது ஒப்பந்தக்காரரின் டிப்பரோ, மண் அள்ளும் இயந்திரமோ எதுவானாலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள்.

வண்டி தெரிந்தால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். விபத்து நடந்த ஊரில் மட்டுமின்றி நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். திருச்சியில் அடிபட்ட ஓடைப்பட்டிக்காரர் தேனி மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம். காலக்கெடு 6 மாதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அதைத் தாண்ட விடாதீர்கள்.

வண்டி இடித்துவிட்டு ஓடிவிட்டது, எண் தெரியவில்லை என்றாலும் கைவிட வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். முதல் படிவத்தை நிரப்பி, முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகலோடு கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். ஆட்சியர் அளவில் அனுமதி கிடைக்கும். ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் இந்தத் திட்டம் பற்றிக் காவல்துறையே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கடிதம் வரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

வண்டி எதுவும் இடிக்கவில்லை, மூடாத பள்ளத்தில் விழுந்தார் என்பதுதான் சிக்கலான நிலை. தீர்ப்பாயம் இதை எடுத்துக்கொள்ளாது. அலட்சியத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 125, பொது வழியில் இடையூறுக்கு 285 ஆகிய பிரிவுகளைச் சொல்லிப் புகார் கொடுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் நட்ட ஈடு கேட்க, அரசு தரப்புக்கு முதலில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் இரண்டு மாத அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஓராண்டுக்குள் வேலையைத் தொடங்கிவிடுவதே பாதுகாப்பு. உயிரிழப்பு, நிரந்தர ஊனம் என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவுக்கு வழி இருக்கிறது. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் சாலைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சமும், காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் தரவேண்டும் என்று மகாராஷ்டிரத்துக்கு உத்தரவிட்டது. நம் மாநிலத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்டலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானத்தைப் பாராமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். உத்தமபாளையம் வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேளுங்கள். விவசாயக் கூலிகள் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தால் விபத்து நிவாரணத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை உள்ளவருக்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது; கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாததால் காப்பீடு விட்டுப்போன குடும்பங்கள் உண்டு. மே மாதக் கடைசியில் பாஸ்புத்தகத்தைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு, மேஸ்திரி நீட்டும் பணத்துக்கு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவரிடம் தானாக விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் பக்கத்துப் பாலத்தில் வேலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், தடுப்பு வைக்கும் நாள் வரை காத்திருக்காமல் வருகிற திங்கட்கிழமையே மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். பேருந்துக் கட்டணத்துக்குப் பணம் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.